தோட்டத்துப் பிள்ளைகள் தேர்தல் பற்றிக் கேட்ட கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையத்திலோ எண்ணும் நிலையத்திலோ கடமைக்கும் போவேன். எங்கள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது, வகுப்பு மூலையில் பழைய பிஸ்கட் பெட்டி ஒன்றை வைத்து, கேட்க வேண்டியதை எழுதிப் போடச் சொன்னேன். இரண்டு நாளில் பெட்டி நிறைந்தது. ஒன்றிரண்டில் என்னைப் பற்றிய படமும் இருந்தது, அதை விட்டுவிடுவோம். மற்றவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன்.

தேர்தல் எதற்கு, டீச்சர்? பெரியவர் ஒருவரே முடிவெடுத்தால் ஆகாதா?

உங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா (அறை), பைப் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய்ச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு குடும்பமும் ஒரேயடியாக ஆபீஸ் வாசலில் போய் நின்றால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எல்லாரும் சேர்ந்து ஒருவரை அனுப்புகிறார்கள்.

அவர் நன்றாகப் பேசிப் பைப் வாங்கி வந்தால் சந்தோஷம். போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தால்? அடுத்த முறை வேறு ஆளை அனுப்பலாம். தேர்தலில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். நல்ல ஆளைத் தேடிப் பிடிப்பது எப்போதும் கைகூடாது. ஆனால் சரியில்லாத ஆளைச் சண்டை சச்சரவு இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப ஒரு வழி இருக்கிறது. நீங்கள் சொல்லும் 'பெரியவர் ஒருவரே' முடிவெடுக்கும் இடத்தில் அந்த வழி கிடையாது.

நாம் யார் யாரைத் தெரிவு செய்கிறோம்?

ஜனாதிபதியை, பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களை, மாகாண சபையை, பிரதேச சபை அல்லது நகர சபை, மாநகர சபையை. ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் பதவிக்காலம் ஐந்து வருடம். பிரதேச சபைக்கு நான்கு. மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு பல வருடம் நடக்காமலே இழுபட்டது. ஆகவே, 'மாகாண சபைக்கு ஓட்டுப் போட்டதே இல்லை' என்று உங்கள் அக்கா சொன்னால் அவள் பொய் சொல்லவில்லை.

ஓட்டுப் போட எத்தனை வயது ஆக வேண்டும்?

18. முதலில் 21 ஆக இருந்தது, 1959இல் குறைத்தார்கள். ஜனாதிபதித் தேர்தலில் நிற்க 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

18 வயது ஆகிவிட்டால் போதுமா?

போதாது. இதைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள்.

நம் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு நாள் சம்பளக் கணக்கு என்று இன்னொரு பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 'இன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்' என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். மலையில் நாள் முழுவதும் கொழுந்து கிள்ளியிருந்தாலும் பேர் விழாவிட்டால் அந்த நாள் கணக்கில் இல்லை.

தேர்தலுக்கும் ஒரு செக்ரோல் இருக்கிறது. அதன் பெயர் வாக்காளர் இடாப்பு. உங்களுக்கு 18 என்ன, 80 வயதே ஆகியிருந்தாலும், அந்த இடாப்பில் பேர் இல்லாவிட்டால் சீட்டுக் கொடுக்க மாட்டார்கள். இடாப்பை வருடந்தோறும் புதுப்பிப்பார்கள். உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தர், நாம் கிராம சேவகர் என்று கூப்பிடுபவர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரத்தைச் சேகரிப்பார். விவரம் பதிந்த பிறகு இடாப்பைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். பேர் விடுபட்டிருந்தால் அப்போதே சொல்லித் திருத்த வேண்டும். தேர்தல் நாளன்று வந்து அழுது பயனில்லை. அப்படி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம் கட்டி வேறு தோட்டத்துக்குப் போன பெண்கள்தான் அதிகம். பழைய இடத்தில் பேரை வெட்டிவிட்டார்கள், புதிய இடத்தில் யாரும் சேர்க்கவில்லை.

இன்னொரு தேவை தேசிய அடையாள அட்டை. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற சிலவும் செல்லும். தபாலில் வரும் வாக்காளர் அட்டை வேறு. அது எந்த நிலையம், என்ன இலக்கம் என்று சொல்லும் துண்டு. அது தோட்ட ஆபீசிலேயே தங்கிவிட்டதா? பரவாயில்லை, இடாப்பில் பேரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போடலாம்.

எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) இளவயதில் ஓட்டே போடவில்லையாம். ஏன், போகப் பிடிக்கவில்லையா?

உன் அப்பாயிக்குப் போக வழி இருக்கவில்லை, அம்மா. பெட்டியில் இதே கேள்வி ஆறு துண்டில் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலங்கையில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் வாக்குரிமை என்பது 1931இல், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து டொனமூர் அரசியலமைப்போடு வந்தது. ஆண், பெண், பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லை, 21 வயது ஆனால் போதும். ஆசியாவில் இப்படி முன்னதாகவே செய்த நாடுகளில் ஒன்று இது. ஆனால் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் விஷயத்தில், இங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்கள் என்று காட்ட வேண்டும் என நிபந்தனைகள் போட்டார்கள். அதையும் தாண்டிப் பலர் இடாப்பில் ஏறினார்கள். 1947 பாராளுமன்றத் தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அதன் சார்பில் நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

அடுத்த வருடம், 1948இல், நாடு சுதந்திரம் அடைந்தது. அதே வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. குடிமகன் என்று சொல்ல வேண்டுமானால் தகப்பனோ அதற்கு முந்திய தலைமுறையோ இலங்கையில் பிறந்ததைக் காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்தவருக்கு ஏது பத்திரம்? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்திக் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றார்கள். இரண்டும் சேர்ந்து பல இலட்சம் பேரின் பெயரை இடாப்பிலிருந்து துடைத்தன. தோட்டத்துச் செக்ரோலில் பேர் இருந்தது, நாட்டின் செக்ரோலில் இல்லை.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. உங்கள் வீட்டிலும் திருச்சிக்கோ நீலகிரிக்கோ போய்விட்ட ஒரு சித்தப்பா கதை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேர்கள் திரும்ப ஏறின. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்றார். 1947க்கும் 1977க்கும் இடையில் எத்தனை வருடம்? கணக்கை நீங்களே போடுங்கள். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

வாக்களிப்பு நிலையத்துக்குள் என்ன நடக்கும்?

உங்கள் பாடசாலைதான் அது. அதனால்தான் அன்றைக்கு உங்களுக்கு லீவு. 2024 தேர்தல்களில் காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடித்தார்கள். தொடங்கும் முன் வாக்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கட்சிகளின் முகவர்களுக்குக் காட்டி, பூட்டி முத்திரை வைப்போம். காலைக் குளிரில் அந்த வெறும் பெட்டிக்குள் எல்லாரும் எட்டிப் பார்ப்பது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் ஓர் அலுவலர் அடையாள அட்டையைப் பார்த்து, இடாப்பில் உள்ள இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். முகவர்களும் கேட்டுத் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். வேறு ஆள் வந்து நின்றால் பிடிபட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சத்தம். பிறகு விரலைப் பார்த்து மை பூசுவார்கள். அதன் பின் வாக்குச் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், X என்று புள்ளடி போட்டு, மடித்து, பெட்டிக்குள் நீங்களே போட வேண்டும்.

ஒருமுறை ஒரு கிழவி வந்தார். மழையில் நனைந்த கம்பளி, காலில் செருப்பில்லை. அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதைத் துணியில் சுற்றி, இடுப்பில் செருகி வைத்திருந்தார். பிரித்தெடுக்கவே சற்று நேரம் ஆனது. அலுவலர் அவர் பெயரை வாசித்தார். கிழவி நிமிர்ந்து, பெரட்டுக்களத்தில் நிற்பது போலவே, 'இருக்கேன் சாமி' என்றார். முகவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மை எதற்கு? சோப்புப் போட்டுக் கழுவினால் போகாதா?

ஒருவர் இரண்டு தரம் போடாமல் இருக்க. கழுவினால் போகாது, நாட்கள் ஆகும். வழக்கமாக இடது கைச் சுண்டுவிரலில் பூசுவார்கள். 2024இல் செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். முதல் மை முழுதாகப் போயிருக்காது என்று இரண்டாவது தேர்தலுக்கு ஆள்காட்டி விரலுக்கு மாறினார்கள்.

அப்பா யாருக்குப் போட்டார் என்று தொழிற்சங்கத்துத் தலைவருக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. மறைப்புக்குள் வேறு யாரும் வரக்கூடாது, போனில் படம் எடுக்கக் கூடாது, சீட்டில் பெயர் எழுதக் கூடாது. கண் தெரியாதவர், கை இயலாதவர் மட்டும் உதவிக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். பெட்டிக்குள் விழுந்த சீட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். 'எங்களுக்குக் கம்ப்யூட்டரில் தெரியும்' என்று யாராவது மிரட்டினால் அது புளுகு.

சங்கம் சொல்கிற ஆளுக்கே அப்பா போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியே வந்து உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வீட்டில் அம்மாவிடம்கூட.

படிக்கத் தெரியாதவர்கள் எப்படிப் போடுவார்கள்?

சின்னத்தைப் பார்த்து. யானை, சேவல், தொலைபேசி, திசைகாட்டி என்று ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு படம். சீட்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். 1931இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள்.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடுவது ஏன்?

வெல்ல வேண்டுமானால் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். பலர் நின்றால் யாருக்குமே பாதி கிடைக்காமல் போகலாம். அப்போது முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்குவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மறுபடி எடுத்து, '2' அல்லது '3' இந்த இருவரில் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பார்கள். கன்டீனில் ரோல்ஸ் முடிந்துவிட்டால் வடை தாங்க என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது போல.

2024இல் 38 பேர் போட்டியிட்டார்கள், சீட்டு இரண்டடிக்கு மேல் நீளம். யாருக்கும் பாதி வரவில்லை. இலங்கையின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். வென்றவர் அநுர குமார திசாநாயக்க. ஒருவருக்கு மட்டும் போட விரும்பினால் 1 அல்லது ஒரு புள்ளடி போதும்.

நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு உறுப்பினர். எட்டையும் ஒரே கட்சி எடுக்காமல் எப்படிப் பிரிக்கிறார்கள்?

கணக்குப் பாடம் பிடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம்.

நான்கு கட்சிகள் நிற்கின்றன என்று வைப்போம். கூடைக்கு 340 வாக்கு, குடைக்கு 250, லாம்புக்கு 110, பம்பரத்துக்கு 20. முதலில், நூற்றுக்கு ஐந்து கூட எடுக்காத கட்சி வெளியே. பம்பரம் போய்விட்டது. மீதி 700 வாக்கு.

அதிக வாக்கு எடுத்த கூடைக்கு ஓர் இடம் போனஸாகக் கிடைக்கும். இன்னும் ஏழு இடம். 700ஐ ஏழால் பிரித்தால் 100. நூறு வாக்குக்கு ஓர் இடம் என்று கணக்கு. கூடைக்கு 3, மிச்சம் 40 வாக்கு. குடைக்கு 2, மிச்சம் 50. லாம்புக்கு 1, மிச்சம் 10. ஆறு இடம் போயிற்று, ஒன்று எஞ்சியிருக்கிறது. யாரிடம் அதிக மிச்சமோ அவருக்கு அது, அதாவது குடைக்கு. கடைசியில் கூடை 4, குடை 3, லாம்பு 1.

கூடையின் நான்கு பேர் யார் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு, அதே கட்சியில் மூன்று வேட்பாளர்களின் இலக்கத்துக்கு மேல் புள்ளடி போடலாம். நுவரெலியாவில் ஒரு கட்சி 11 பேரை நிறுத்தும். மதில்களில் பெயரைவிட இலக்கம் பெரிதாக எழுதியிருப்பது இதனால்தான். ஒரே கட்சிக்காரர்களே ஒருவர் நோட்டீஸ் மேல் ஒருவர் ஒட்டுவதும் இதனால்தான்.

நாடு முழுக்க இப்படி 22 தேர்தல் மாவட்டங்களில் 196 பேர். மீதி 29 பேர், நாடு முழுக்கக் கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்பப் பிரிக்கும் தேசியப் பட்டியலில் வருவார்கள்.

எந்தச் சீட்டு செல்லாது?

எதுவும் போடாத சீட்டு, இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்ட சீட்டு, யார் போட்டது என்று காட்டிக்கொடுக்கும்படி எழுதிய சீட்டு.

எண்ணும் நிலையத்தில் ஒருமுறை ஒரு சீட்டை விரித்தால், புள்ளடியே இல்லை. கட்சிகளின் பெயர்களுக்கு மேலே, கோணல்மாணலான எழுத்தில் 'முதல்ல ரோட்ட போடுங்க' என்று எழுதியிருந்தது. நிராகரிக்கப்பட்ட வாக்குகளின் கட்டில் வைத்தோம். வேறு வழியில்லை. அந்தக் கோரிக்கையை வாசித்தது அந்த மேசையில் இருந்த நாங்கள் சில பேர் மட்டும்தான். எங்களில் ஒருவருக்கும் ரோட்டுப் போடும் அதிகாரம் இல்லை.

அப்படியானால் எங்கள் ரோட்டை யார் போட வேண்டும்?

பெரிய வீதிகளை வீதி அதிகார சபையும் மாகாணமும் பார்க்கும், சின்ன வீதிகள் பிரதேச சபைக்கு. தோட்டத்துக்குள் போகும் ரோடுதான் நெடுங்காலம் நடுவில் கிடந்தது. அது கம்பனி நிலம், அங்கே சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பார்கள். நம் ஆட்கள் ஓட்டுப் போட்டுத் தெரிவு செய்த சபையே, நம் லயத்துக்கு ஒரு படி கட்டித் தர முடியாத நிலை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல் திருத்திய பிறகு அந்தச் சாக்கு இல்லை.

அதே காலத்தில் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. ஆக, உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுச் சீட்டில் எழுதுவதைவிட அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது. கையெழுத்து அழகாக இருக்கட்டும்.

ஓட்டுக்குக் கூரைத் தகரம் கொடுத்தால் வாங்கலாமா?

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தகரமோ, அரிசிப் பையோ, சாராயப் போத்தலோ எல்லாம் ஒன்றுதான். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவரிடம் இதைச் சொல்வது எனக்கு எளிது, அவருக்குக் கேட்பது கஷ்டம் என்றும் தெரியும். ஆனாலும் ஒரு கணக்கைப் பாருங்கள்: தகரத்தோடு கணக்கு முடிந்தது என்று கொடுத்தவர் நினைத்துக்கொள்வார். பிறகு ஐந்து வருடம் அவரிடம் எதையும் கேட்க வாய் வராது.

பொம்பளைப் பிள்ளைகள் நிற்கலாமா?

இதைக் கேட்டது ஒரு பையனின் கையெழுத்து. உலகின் முதல் பெண் பிரதமர் 1960இல் இந்த நாட்டில்தான் வந்தார், தம்பி. ஆனால் கொழுந்துக் கூடை சுமப்பதில் பாதிக்கு மேல் பெண்கள் என்றாலும், மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவானார்கள். உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் அங்கேயே போட முடியாதா?

பேர் எங்கே பதிந்திருக்கிறதோ அங்கேதான். ஓட்டுப் போட லீவு கொடுப்பது முதலாளியின் கடமை. தபால் மூலம் வாக்களிப்பது தேர்தல் கடமையில் இருக்கும் அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றவர்களுக்கு மட்டும். தேர்தலுக்கு முதல் நாள் இரவு அட்டனுக்கு வரும் பஸ்ஸில் நிற்க இடம் இராது. அண்ணனை நேரத்தோடு புறப்படச் சொல்லுங்கள்.

தேர்தல் முடிந்து வந்தால் எங்கள் மேசை கதிரை எல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது. யார் அடுக்க வேண்டும்?

நாங்கள்தான், கடமைக்கு வந்தவர்கள். ஆனால் வாக்கெடுப்பு முடிந்ததும் பெட்டிக்கு முத்திரை வைத்து, படிவங்களை நிரப்பி, பொலிஸ் காவலோடு எண்ணும் நிலையத்துக்கு ஓட வேண்டும். மலைப் பாதை, மழை, மூடுபனி. மேசையை அடுக்கப் பொழுது இருப்பதில்லை. மறுநாள் காலை வந்து நீங்கள் அடுக்கியிருக்கிறீர்கள் என்பதும், ஐந்தாம் வகுப்பு மேசைகளை எட்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டு இன்னும் திருப்பித் தரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வழக்கை மாணவர் பாராளுமன்றத்தில் கொண்டுவாருங்கள், திங்கட்கிழமை கூடுகிறது.